பளிங்கின் திசை கண்ட தமிழர்: சேர் கே. எஸ். கிருஷ்ணன்

 

சென்ற ஆண்டு தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றிலே, எமது வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் ஒரு வினாவைக் கேட்டான். அவன் தனது பிரெஞ்சுப் பாடசாலையிலே காந்தம் பற்றிய பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தான். அந்தப் பாடத்தைத் தமிழிலும் சொல்ல முடியுமா என்பதே அவனுடைய வினா. அவனை அழைத்துச் செல்ல வந்த தந்தையார் வாயிலில் நின்றபடி அதனைக் கேட்டார். திங்கட்கிழமை பௌதிகப் பரீட்சை இருக்கும்போது இந்த இரண்டு மணித்தியாலத்தைத் தமிழுக்குச் செலவிடுவது தகுமா என்று அவரும் தயக்கத்தோடு என்னிடம் வினவினார். அவர் தமிழை வெறுப்பவர் அல்லர். இரவு வேலை முடித்து, உறக்கமின்றி, பனியிலே மகனைக் கூட்டி வருபவர். ஆகையால் அவருடைய வினாவை இலேசாகத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. அன்று தகுந்த மறுமொழி சொல்ல நேரம் வாய்க்கவில்லை. இவ்வாண்டு விழா மலரிலே, மறுமொழியாக ஒரு மனிதரின் வாழ்க்கையை உங்கள் முன் வைக்கின்றேன்.

அவர் பெயர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். காந்தவியலை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்ற தமிழர். கரியமாணிக்கம் என்பது திருமாலுக்கு வழங்கும் பெயர்களுள் ஒன்று. மாணிக்கமும் ஒரு பளிங்கே அன்றோ? பளிங்குகளை ஆராய்வதிலே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒருவருக்கு இப்பெயர் வாய்த்தமை பொருத்தமானதே.

பிறப்பும் இளமையும்

தமிழ்நாட்டின் தென்பகுதியிலே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், திருவில்லிபுத்தூருக்கு அண்மையில் வத்திராயிருப்பு என்னும் ஊர் உள்ளது. இன்று அது விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்த வட்டாரத்திலே 1898ஆம் ஆண்டு மார்கழி மாதம் 4ஆம் திகதி கிருஷ்ணன் பிறந்தார். வயலும் வாய்க்காலும் சூழ்ந்த ஊர். அவருடைய தந்தையார் வேளாண்மையோடு கல்வியிலும் நாட்டமுள்ளவர். கிருஷ்ணன் வத்திராயிருப்பிலும் திருவில்லிபுத்தூரிலும் பள்ளிக் கல்வியைப் பெற்றார். பெரிய ஆய்வுகூடமோ விலையுயர்ந்த கருவிகளோ அவருக்கு அங்கே கிடைக்கவில்லை. கிடைத்தவர் ஒரு நல்ல ஆசிரியர். பாடத்தை மாணவர் மனத்திலே பதியும்படி விளக்கிய அந்தப் பள்ளி ஆசிரியரே தமக்கு விஞ்ஞானத்தில் ஆர்வமூட்டியவர் என்பதைக் கிருஷ்ணன் பிற்காலத்திலும் நன்றியோடு நினைவு கூர்ந்தார்.

இந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வன்னியிலே நான் கற்பித்த நாட்கள் நினைவுக்கு வருகின்றன. 2008ஆம் ஆண்டிலே எங்கள் பாடசாலை இடம்பெயர்ந்து மரநிழலிலே நடந்தது. பழுதடைந்த வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய ஒரு காந்தமும், ஒரு பிடி இரும்புத்தூளுமே எனது ஆய்வுகூடம். அவற்றைக் கொண்டு காந்தப்புலத்தைக் காட்டியபோது பிள்ளைகளின் கண்கள் விரிந்ததை நான் மறக்கவில்லை. ஒரு மாணவனின் மனத்திலே வினா பிறப்பதற்கு அதிகம் தேவையில்லை என்பதை அன்று கண்டேன்.

சென்னையில் ஒரு மதிய வேளைக் கூட்டம்

பள்ளிக் கல்வியின் பின் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும், அதன்பின் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் கிருஷ்ணன் பயின்றார். பயின்றது பௌதிகம். ஆனால் அக்கல்லூரியிலே அவருக்குக் கிடைத்த பணியோ இரசாயனப் பிரிவிற் செய்முறை விளக்குநர் பணி. அவர் அதற்காக மனம் சலிக்கவில்லை. மதிய உணவு இடைவேளையிலே மாணவரோடு அமர்ந்து, பௌதிகம், இரசாயனம், கணிதம் என எந்தத் துறையிலும் அவர்கள் கேட்கும் வினாக்களுக்கு விளக்கம் அளிக்கலானார். கட்டாயமில்லாத அந்தக் கூட்டத்துக்கு மாணவர் திரண்டு வந்தனர். வேறு கல்லூரி மாணவரும் தேடி வந்தனர். சம்பளத்துக்காகவோ பரீட்சைக்காகவோ கூடிய கூட்டம் அன்று அது.

கல்கத்தாவும் 1928ஆம் ஆண்டும்

1920ஆம் ஆண்டளவிலே கிருஷ்ணன் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார். அங்கே மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில், இன்னொரு தமிழரான சி. வி. இராமன் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார். இராமனுடைய குழுவிற் சேர்ந்த கிருஷ்ணன், திரவங்களிலே ஒளி எவ்வாறு சிதறுகின்றது என்பதை ஆராய்ந்தார். காந்தப்புலத்தில் வைக்கப்பட்ட திரவங்களினூடே ஒளி செல்லும் விதத்தையும் இருவரும் ஆராய்ந்தனர். மூலக்கூறு எல்லாத் திசையிலும் ஒரே தன்மை உடையதன்று, காந்தம் அதனைத் திருப்ப முனையும்போது அத்திசை வேறுபாடு வெளிப்படும் என்னும் எண்ணம் இங்கேயே அவர் மனத்தில் வேரூன்றியது.

1928ஆம் ஆண்டு மாசி மாதத்திலே அந்த ஆய்வுகூடத்தில் வரலாற்றுச் சிறப்புமிக்க கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. ஒரு நிற ஒளி திரவத்தினூடே சிதறும்போது அதன் சிறு பகுதி வேறு நிறமாக மாறி வருகின்றது என்பதே அது. ஏறத்தாழ 60 திரவங்களைச் சோதித்த செய்தி, அதே ஆண்டு இலண்டனிலிருந்து வெளிவரும் நேச்சர் இதழிலே இராமன், கிருஷ்ணன் ஆகிய இருவரின் பெயரோடும் வெளியாயிற்று. 1930இல் நோபெல் பரிசு இராமன் ஒருவருக்கே வழங்கப்பட்டது. அதனை உலகம் இராமன் விளைவு என்று அழைக்கின்றது.

மாணவர்களே, இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். தாம் இரவுபகலாக உழைத்த ஆய்வுக்கு உலகத்தின் மிகப் பெரிய பரிசு கிடைக்கும்போது, அதிலே தமது பெயர் இல்லாத நிலையில் ஒரு மனிதர் என்ன செய்வார்? சிலர் மனமுடைந்து போவர். சிலர் வாழ்நாள் முழுவதும் வழக்காடுவர். கிருஷ்ணன் அந்த வேளையிலே டாக்காவில், தமக்கென ஒரு புதிய ஆய்வைத் தொடங்கி அதிலே மூழ்கியிருந்தார்.

டாக்காவில் ஒரு மெல்லிய இழை

1928ஆம் ஆண்டு மார்கழி மாதம் கிருஷ்ணன் டாக்காப் பல்கலைக்கழகத்திலே பௌதிகத்துறை வாசகராகப் பொறுப்பேற்றார். அத்துறையின் தலைவர் யார் தெரியுமா? சத்தியேந்திரநாத் போஸ். அவர் 1924இல், அதே டாக்காவிலிருந்து, ஒரு சிறிய கட்டுரையை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பியவர். ஐன்ஸ்டைன் அதனைத் தாமே ஜேர்மன் மொழியிற் பெயர்த்து வெளியிட்டார்.

போஸ் கண்டது என்ன? இரண்டு நாணயங்களைச் சுண்டினால் நான்கு வகையான முடிவுகள் உண்டு. இரண்டும் தலை, இரண்டும் பூ, முதலாவது தலை இரண்டாவது பூ, முதலாவது பூ இரண்டாவது தலை. ஆனால் முதலாவது எது, இரண்டாவது எது என்று எவ்விதத்திலும் பிரித்தறிய இயலாத நாணயங்கள் இருக்குமாயின், கடைசி இரண்டும் ஒன்றாகி மூன்று முடிவுகளே எஞ்சும். ஒளித்துகள்களை அவ்வாறே எண்ணவேண்டும் என்றார் போஸ். ஐன்ஸ்டைன் அந்த எண்ணும் முறையை அணுக்களுக்கும் விரித்தார். ஒரு வாயுவைப் போதிய அளவு குளிரச் செய்தால் அதன் அணுக்களிற் பெரும்பகுதி ஒரே தாழ்ந்த நிலையில் வந்து கூடிவிடும் என்று கணித்தார். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இக்கட்டுரையின் முடிவிலே மீண்டும் வருவோம்.

டாக்காவிலே கிருஷ்ணன் எடுத்துக்கொண்ட வினா எளிமையானது. ஒரு பளிங்கின் காந்தத் தன்மை எல்லாத் திசைகளிலும் ஒன்றா? அதனை அறிய அவர் கையாண்ட கருவியும் எளிமையானது. சிறியதொரு பளிங்கை மிக மெல்லிய குவார்ட்ஸ் இழையிலே தொங்கவிட்டு, வலிமையான காந்தப்புலத்தின் நடுவே நிறுத்தினார். பளிங்கு தனக்கு உகந்த திசையிலே திரும்பி நிற்கும். இப்போது இழையின் மேல் நுனியைச் சிறிது சிறிதாக முறுக்கவேண்டும். காந்தப்புலம் பளிங்கைப் பிடித்து வைத்திருப்பதால் அது மிக மெதுவாகவே அசையும். அந்தப் பிடி பளிங்கு 45 பாகை திரும்பும்வரை வலுத்துக்கொண்டே போகும். அதனைச் சற்றுத் தாண்டியதும் பிடி தளரும். அந்தக் கணத்திலே பளிங்கு திடீரெனச் சுழன்று புரளும். மேல் நுனியை எவ்வளவு முறுக்கியபோது அது புரண்டது என்று அளந்தால், அதிலிருந்து பளிங்கின் காந்தத் தன்மை திசைக்குத் திசை எவ்வளவு வேறுபடுகின்றது என்பதைக் கணித்துவிடலாம்.

எத்துணை அழகான முறை! பளிங்கை உடைக்கவில்லை, உருக்கவில்லை. அது எந்த இடத்திலே நிலைதடுமாறுகின்றது என்பதைப் பொறுமையோடு காத்திருந்து கண்டார். நிலைதடுமாறும் இடத்தை வைத்தே அதன் உள்ளியல்பை அறிந்தார்.

பென்சிற் கரியும் இலத்திரன் வாயுவும்

1933இல் இராமன் பெங்களூருக்குச் சென்றபின், கிருஷ்ணன் கல்கத்தாவுக்குத் திரும்பி மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியரானார். அங்கே தமது மாணவர்களோடும் தோழர்களோடும் பளிங்கு பளிங்காக அளந்தார். அலுமாரியில் உடுப்புகளுக்கிடையே வைக்கும் பூச்சியுருண்டை நப்தலீன் என்னும் பொருளால் ஆனது. அதன் மூலக்கூறுகள் தட்டையானவை. காந்த அளவீட்டைக் கொண்டே பளிங்கினுள் அத்தட்டையான மூலக்கூறுகள் எந்தப் பக்கம் சாய்ந்து அடுக்கப்பட்டுள்ளன என்பதைக் கூறமுடியும் என்று அவருடைய ஆய்வு காட்டியது. பளிங்கியலில் புகழ்பெற்ற கத்லீன் லொன்ஸ்டேல் அம்மையாரோடு சேர்ந்து 1936இல் இதுபற்றி ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார்.

பின்னர் அவருடைய கவனம் நீங்கள் எழுதும் பென்சிலினுள் இருக்கும் காரீயத்தின்பால் சென்றது. அது காரீயம் என்று அழைக்கப்பட்டாலும் உண்மையிலே கிரபைற்று என்னும் கரியே. கரி அணுக்கள் ஏடு ஏடாக அடுக்கப்பட்ட பளிங்கு அது. அந்த ஏடுகளுக்குச் செங்குத்தான திசையிலே காந்தப்புலம் இருந்தால் கிரபைற்று அதனை மிக வலிமையாக எதிர்க்கும். ஏட்டின் வழியே இருந்தால் எதிர்ப்பு மிகக் குறைவு. ஏட்டின் வழியே தடையின்றி ஓடும் இலத்திரன்களே இதற்குக் காரணம் எனவும், அவற்றை ஒருவகை வாயுவாகவே கருதிக் கணக்கிடலாம் எனவும் 1941இல் கங்குலி என்பாரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையிலே விளக்கினார். திண்மப் பொருளினுள்ளே ஒரு வாயு!

இந்த ஆய்வுகளாற் கிருஷ்ணனின் புகழ் கடல் கடந்து பரவிற்று. 1937இல் கேம்பிரிட்ஜ் கவெண்டிஷ் ஆய்வுகூடத்திலே விரிவுரையாற்றும்படி அழைக்கப்பட்டார். அதன் தலைவர் ரதபோட் பிரபு. கிருஷ்ணன் பிறந்த அதே 1898ஆம் ஆண்டிலே எமது மொன்றியல் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்து, 1907வரை இங்கே கதிரியக்கத்தை ஆராய்ந்து, அதற்காக 1908இல் நோபெல் பரிசு பெற்றவர் அவர். பேருந்திலே மக்கில் வளாகத்தைக் கடந்து செல்லும்போது இதனை நினைத்துக்கொள்ளுங்கள். 1940இல் கிருஷ்ணன் இலண்டன் வேத்தியற் கழகத்தின் உறுப்பினராகத் தெரிவானார்.

அலகாபாத்தும் தில்லியும்

1942இல் அலகாபாத் பல்கலைக்கழகத்திலே பௌதிகத்துறைத் தலைவரானார். 1946இல் சேர் பட்டம் வழங்கப்பட்டது. இந்தியா விடுதலை அடைந்த 1947ஆம் ஆண்டிலே புதுதில்லியில் அமைந்த தேசிய பௌதிக ஆய்வுகூடத்தின் முதலாவது பணிப்பாளராக அவர் நியமிக்கப்பட்டார். அதன் கட்டடம் 1950இலே திறந்து வைக்கப்பட்டது. 1948இல் அமைந்த அணுசக்தி ஆணைக்குழுவின் முதல் உறுப்பினர் மூவருள் அவரும் ஒருவர். 1954இல் பத்மபூஷண் விருதும், பின்னர் பட்னாகர் பரிசும் அவரை வந்தடைந்தன. அப்பரிசை முதன்முதலாகப் பெற்றவர் அவரே.

நிருவாகப் பொறுப்பு எத்தனை வந்தபோதிலும் அவர் ஆய்வைக் கைவிடவில்லை. வெற்றிடத்திலே மின்னாற் சூடாக்கப்படும் மெல்லிய கம்பியில் வெப்பநிலை எவ்வாறு பரவுகின்றது என்பதைத் தில்லியிலும் ஆராய்ந்தார். தமிழ் இலக்கியத்திலும் வடமொழி இலக்கியத்திலும் அவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது. விளையாட்டிலும் விருப்பமுடையவர். அதிர்ந்து பேசாதவர். 1961ஆம் ஆண்டு ஆனி மாதம் தில்லியிலே காலமானார். அப்போது அவருக்கு வயது 62.

வத்திராயிருப்பு, மதுரை, சென்னை, கல்கத்தா, டாக்கா, மீண்டும் கல்கத்தா, அலகாபாத், தில்லி. ஒவ்வோர் இடத்திலும் மொழி வேறு, ஆட்கள் வேறு. ஒவ்வோர் இடத்திலும் அவர் புதிதாகத் தொடங்கினார். ஆனால் தமது வினாவை மட்டும் கூடவே எடுத்துச் சென்றார்.

அவர் காணாத குளிர்

இனிப் போசிடம் திரும்புவோம். போசும் ஐன்ஸ்டைனும் கணித்த அந்த வாயுவைக் கிருஷ்ணன் காணவில்லை. 1974இல் மறைந்த போசும் காணவில்லை. 1995இலேதான் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தைச் சேர்ந்த போல்டர் நகரில் அது உண்டாக்கப்பட்டது. உரூபிடியம் அணுக்கள் சிலவற்றைத் தனிப்பூச்சிய வெப்பநிலைக்கு மேலே, ஒரு பாகையைக் கோடி கூறாக்கினால் அதில் இரண்டு கூறுக்கும் குறைவான அளவுக்குக் குளிரச் செய்தனர். அணுக்கள் ஒரே நிலையில் வந்து கூடின. 2001இல் இதற்கு நோபெல் பரிசு கிடைத்தது.

அந்த அணுக்கள் ஒவ்வொன்றும் நுண்ணியதொரு காந்தம். ஆகவே கிருஷ்ணன் பளிங்கிடம் கேட்டதைப் போன்ற ஒரு வினாவை விஞ்ஞானிகள் இந்த வாயுவிடமும் கேட்டனர். இதன் காந்தத் தன்மை எந்தத் திசையை நாடும்? எப்போது நிலைதடுமாறும்? 2006இல் கலிபோர்னியாவின் பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்தார் ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். வலிமையான காந்தப்புலத்தின் துணையோடு, அணுக்களை எத்திசைக் காந்தத்தன்மையும் வெளித்தோன்றாத ஒரு நிலையிலே வைத்திருந்தனர். பின்னர் அந்தப் புலத்தைத் திடீரெனத் தாழ்த்தினர். 45 பாகையைத் தாண்டிய பளிங்கைப் போல, வாயு இருந்த நிலை அக்கணமே உறுதியற்றதாயிற்று. பளிங்கு ஒன்றாகவே புரண்டது. வாயுவோ அவ்வாறு செய்யவில்லை. கண்ணுக்குப் புலனாகாத சிறு அசைவுகள் ஆங்காங்கே பெருகி, ஒரு செக்கனின் பத்திலொரு பங்கை அண்டிய நேரத்திலேயே காந்தப் பகுதிகளாக வளர்ந்தன. ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு திசை.

தை மாதத்து இரவிலே உங்கள் யன்னற் கண்ணாடியில் உறைபனி படர்வதை எண்ணிப் பாருங்கள். கண்ணாடி குளிர்ந்ததும், இங்கொரு புள்ளியிலும் அங்கொரு புள்ளியிலும் பனிப்பளிங்கு முளைக்கும். ஒன்றின் திசையை மற்றொன்று அறியாது. வளர்ந்து வளர்ந்து ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தில் எல்லைக்கோடு தோன்றும். காந்தப் பகுதிகளும் அவ்வாறே. ஆனால் அவை அத்தோடு நிற்பதில்லை. சிறியவை மறைய, பெரியவை மெல்ல மெல்ல வளரும். தட்டையான ஏடு போன்ற வாயுவிலே, காந்தம் மேல் அல்லது கீழ் ஆகிய இரு திசைகளையே நாடுமாயின், காலம் எட்டு மடங்காகும்போது பகுதிகளின் அளவு நான்கு மடங்காகும் என்பது கணிதவழி ஆய்வாளரின் கணிப்பு. முளைப்பது விரைவு, வளர்வது பொறுமையாக.

தந்தையாருக்கும் மகனுக்கும்

2009இன் பின் எங்கள் உறவுகளும் திடீரென நிலை மாறி, ஒன்று மொன்றியலில், ஒன்று பரிசில், ஒன்று இலண்டனில் என முளைத்துள்ளன. ஒன்றின் பிள்ளைக்கு மற்றொன்றின் பிள்ளை பேசும் மொழி விளங்காத நாள் வந்துவிடக்கூடாது என்பதே என் அச்சம். இந்த வகுப்பறையை நாம் நடத்துவதும் அதனாலேயே.

தந்தையாரே, உண்மையைச் சொல்கின்றேன். கிருஷ்ணன் தமது ஆய்வுகளை ஆங்கிலத்திலேயே உலகுக்கு வெளியிட்டார். உங்கள் மகனுக்குப் பிரெஞ்சும் வேண்டும், ஆங்கிலமும் வேண்டும். திங்கட்கிழமைப் பரீட்சைக்கு அவன் படிக்கத்தான் வேண்டும். தமிழ் அவனுக்கு அந்தப் பரீட்சையிலே புள்ளி பெற்றுத் தராது. ஆனால் தமிழிலே வளர்ந்தமையும் தமிழை நேசித்தமையும் கிருஷ்ணனின் பௌதிகத்துக்கு ஒருநாளும் தடையாகவில்லை. உங்கள் மகன் கேட்ட அந்த வினா, மூன்று மொழிகளுக்கிடையே நின்றதனாலேயே அவனிடம் பிறந்தது. பிரெஞ்சிலே காந்தத்தைக் குறிக்கும் எமான் என்னும் சொல்லுக்கு அன்பு செலுத்துகின்ற என்னும் பொருளும் உண்டு. இதனைக் கண்டு வியக்க, காந்தம் என்ற சொல்லும் ஒருவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

தம்பி, உனக்கு ஒரு வீட்டுவேலை. அழுத்தினால் நுனி வெளிவரும் பென்சிலினுள் இடும் மெல்லிய கரிக்குச்சி ஒன்றை எடு. தையல் நூலாலே நடுவிற் கட்டி, காற்றுப் படாத இடத்தில் தொங்கவிடு. அது அசைவற்று நின்றதும், வலிமையான சிறு காந்தம் ஒன்றை அதன் நுனிக்கு அருகே மெதுவாகக் கொண்டுபோ. காந்தத்தைத் தங்கை தம்பியர் வாயிலிடாதபடி பார்த்துக்கொள். கரிக்குச்சி காந்தத்தை நாடி வராது. மெல்ல மெல்ல விலகிச் செல்லும். கிருஷ்ணன் அளந்த அதே எதிர்ப்புத்தான் அது. பின்பு, அது ஏன் விலகுகின்றது என்பதை உன் அம்மம்மாவுக்குத் தமிழிலே விளக்கிச் சொல். அவருக்கு விளங்கிவிட்டால், உன் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது.